மீமுக்கு ஒரு சிவப்புப் பை

ஷாஹிராவின் வீட்டில் ஒரு வாரமாக ஒரே பேச்சுதான். பங்களாதேஷ்!

ஷாஹிராவின் அத்தா சீனி முகம்மது பினாங்கில், ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறார். அங்கே பதினைந்து வருடம் சமைத்த நூருல் மாமா போன வருடம் பங்களாதேஷில் இருக்கும் தன் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார்.

"பிப்ரவரியில வாங்க பாஸ். குளிர் போயிடும், வெயில் வந்திருக்காது. இலவ மரமெல்லாம் செவப்பா பூத்திருக்கும்" என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பள்ளி விடுமுறையும் சேர்ந்து வந்ததால், மூன்று டிக்கெட் எடுத்தாயிற்று.

வசந்த காலத்தைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்த குடும்பம் அது. பினாங்கில் ஏது வசந்தம்? ஒன்று வெயில், இல்லையென்றால் மழை. அதனால் அம்மா ரொஸ்னா ஆறு கம்பளிச் சட்டை வாங்கிவிட்டார்.

"குளிர் போயிடும்னுதானேம்மா மாமா சொன்னாரு?" என்றாள் ஷாஹிரா.

"போன குளிர் திரும்பி வந்தா?" என்றார் அம்மா.

ஷாஹிராவுக்கும் விமானத்துக்குள் கொண்டுபோக ஒரு சின்னச் சக்கரப் பெட்டி கிடைத்தது. ஊதா நிறம், மேலே பூனைப் படம். அதை இழுத்துக்கொண்டு அவள் கூடத்துக்கும் சமையலறைக்கும் பத்துத் தடவை பயணம் போய் வந்தாள்.

கடையில் தேநீர் ஆற்றும் ஜசிம் அண்ணனும் நூருல் மாமாவின் ஊர்க்காரர்தான். ஊருக்குப் போய் நான்கு வருடமாகிறது. அவருடைய மகள் மீம் இப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். ஒரு நாள் அவர் தயங்கித் தயங்கி ஒரு சிவப்புப் பையைக் காட்டினார்.

"ஷாஹிரா, இது மீமுக்கு வாங்குன ஸ்கூல் பேக். பாஸ்கிட்ட கேட்டா கொண்டு போவாரா?"

"கேக்கவே வேணாம்ணே! நாங்க கொண்டு போறோம்லா!"

ஜசிம் அண்ணன் அப்போதே வீடியோ காலில் மகளுக்குப் பையைக் காட்டிவிட்டார்.

ஷாஹிரா வாக்குக் கொடுத்தது ஒருவருக்கு. ஆனால் ஊருக்கு ஆள் போகிறது என்றால் சேதி பறக்காதா? மறுநாள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து இருவர் பார்சலோடு வந்தார்கள். அடுத்த நாள் புக்கிட் தெங்காவிலிருந்து நால்வர். எல்லாரும் அதே ஊர்க்காரர்கள். மைலோ தூள், சோப்பு, போர்வை, மறுபடி போர்வை, மறுபடியும் போர்வை!

அத்தாவுக்கு யாரிடமும் இல்லையென்று சொல்ல வராது. ஒவ்வொரு பார்சலையும் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்கி வைத்தார்.

பெட்டிகளையெல்லாம் கடைக்குக் கொண்டுவந்து அரிசி நிறுக்கும் தராசில் ஏற்றியபோதுதான் வினை தெரிந்தது.

"மூணு பேருக்குத் தொண்ணூறு கிலோதான் விடுவாங்க. இது நூத்திப் பத்து!" அத்தா தலையில் கை வைத்தார்.

முதலில் கம்பளிச் சட்டைகள் வெளியே வந்தன. அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "அங்கதான் குளிர் போயிடுச்சே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று போர்வைகளையும் அத்தா திருப்பிக் கொடுத்தார். எடை சரியானது. ஆனால் பெட்டி மூட மறுத்தது. சிவப்புப் பை கனமில்லை. இடத்தைத்தான் அடைத்தது. எப்படி மடக்கினாலும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"பரவால்ல பாஸ், அடுத்த தடவை அனுப்பிக்கிறேன்." ஜசிம் அண்ணன் சிரித்தபடியே பையை வாங்கி, தேநீர் மேடைக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு மூன்று பேருக்குத் தேநீரில் சீனி போட மறந்தார்.

ஷாஹிரா தன்னையே நொந்துகொண்டாள். 'என் வாயாலதானே இத்தனை பார்சல் வந்துச்சு. முதல்ல கேட்டவரோட பை ஆணியில தொங்குதே! மீம் நாளை எண்ணிக்கிட்டு இருப்பாளே!'

அவள் தன் பூனைப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அதைத் திறந்து துணிகளையெல்லாம் வெளியே எடுத்தாள்.

"அண்ணே, அந்தப் பையைக் குடுங்க!"

துணிகள் சிவப்புப் பைக்குள் போயின. பை அவள் முதுகில் ஏறியது.

"அத்தா, பிளேனுக்குள்ளே ஆளுக்கு ஒரு பை கொண்டு போகலாம்தானே? என்னோடது இதுதான்."

"அப்ப உன் பூனைப் பெட்டி?"

"அது வீட்டுக்குக் காவல்!"

அம்மா விடவில்லை. "பையை மீமுக்குக் குடுத்துட்டா, திரும்பி வரும்போது உன் துணியை எதுல கொண்டு வருவே?"

"பார்சலையெல்லாம் குடுத்ததும் நம்ம பெட்டிங்க காலியாத்தானேம்மா இருக்கும்?"

அத்தா அம்மாவைப் பார்த்தார். அம்மா அத்தாவைப் பார்த்தார். இத்தனை பெரியவர்கள் இருந்தும் இது யாருக்கும் தோன்றவில்லை.

"உன் புதுப் பெட்டியாச்சே, ஷாஹிரா..." என்று ஜசிம் அண்ணன் இழுத்தார்.

அவளுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. பூனையை ஒரு முறை தடவிக் கொடுத்தாள்.

"ஒரு விஷயம்ணே. மீம் கைக்கு இது புதுப் பையாத்தான் போகணும். முன்னால இருக்கிற குட்டி ஜிப்பை நான் தொடவே மாட்டேன். நீங்க உள்ளே ஏதாவது வையுங்க. அவதான் திறக்கணும்."

ஜசிம் அண்ணன் ஆர்டர் எழுதும் தாளில் ஒன்றைக் கிழித்தார். நின்றபடியே வங்க மொழியில் ஏதோ எழுதினார். மடித்து உள்ளே வைத்து ஜிப்பை மூடினார். ஷாஹிராவின் தலையில் கை வைத்தார். பிறகு மகளுக்கு வீடியோ கால் போட்டார்.

ஷாஹிரா திரும்பி நின்று முதுகைக் காட்டினாள். போனுக்குள் மீம் கைதட்டிக் குதித்தாள். ஏதோ கத்தவும் செய்தாள்.

"என்னண்ணே சொல்றா?"

"பத்திரமா பாத்துக்கணுமாம்" என்று சிரித்தார் ஜசிம் அண்ணன்.

கிளம்ப இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஆனாலும் அன்று சாப்பிட உட்கார்ந்தபோதுகூட ஷாஹிரா அந்தப் பையை முதுகிலிருந்து இறக்கவில்லை.