வலப்பக்கம் படுத்த பிணம்

"தந்தைக்கு ஆற்றும் தொண்டைவிடப் பெரிய தவம் இந்த உலகில் இல்லை!"

வீட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டரிடமும் பேச்சாளர் முழங்கினார். ஊர் ஊராக மேடை ஏறி, பெற்றோரைப் பேணுவது எப்படி என்று பிறருக்குச் சொல்லித் தருகிறவர். அன்று மாலை மேடையில் அவருக்கு 'தவப்புதல்வன்' பட்டம் வேறு!

எதிரே கட்டிலில் அவருடைய அப்பா... பிணம்!

வலப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணையோடு. கழுத்துவரை போர்வை.

"சாப்பிட்டுட்டுத் தூங்கினார் சார்... தூக்கத்துலயே போய்ட்டார்!"

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார்.

"இப்படிப் படுக்க வெச்சது யாரு?"

"நானேதான்! நேத்து ராத்திரி ஆயாவுக்குக்கூட லீவு குடுத்துட்டு நானே பாத்துக்கிட்டேன். இடுப்பு மூட்டு மாத்தி மூணு வாரம். கால் நடுவுல தலையணை வெக்கணும்... ஆபரேஷன் பண்ண பக்கம் படுக்கக் கூடாது... எல்லாம் எனக்கு அத்துப்படி சார்!"

தினமும் நடை பழக்க வரும் பிசியோதெரபிஸ்ட் பெண் அப்போதுதான் உள்ளே வந்தாள். வந்தவள் அலறினாள்.

"ஐயையோ! ஏன் இந்தப் பக்கம் படுக்க வெச்சீங்க?"

"ஏம்மா?"

"ஆபரேஷன் ஆனதே வலது இடுப்புலதான் சார்! அந்தப் பக்கம் லேசா சாய்ச்சாலே தெருவே திரும்பிப் பாக்கிற மாதிரி கத்துவாரு!"

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"நீங்க திருப்பினப்போ கத்தினாரா?"

"இ... இல்ல. சிரிச்சார்..."

"பிணம் எங்கேயாவது சிரிக்குமா, தவப்புதல்வா?"

கட்டிலுக்கு அடியில் இன்னொரு தலையணை. உறையில் எச்சில்... கொஞ்சம் ரத்தம்!

பேச்சாளருக்கு வாழ்க்கையில் முதல் முறையாகப் பேச்சு உடைந்தது.

"சக்கர நாற்காலியில இன்னிக்குப் பட்டம் குடுக்கிற மேடைக்கே வருவேன்னார் சார்! 'மூணு வாரத்துல நீ எட்டிப் பாத்தது ரெண்டே தடவை. அதுவும் போட்டோ எடுக்க. மைக்ல சொல்லத்தான் போறேன்'னார்! என் மானம் என்ன ஆகிறது?"

"அதுக்காக மூச்சை அமுக்கிட்டே. அமுக்கினவன், போர்வையை ஒரு தடவை தூக்கித் தையல் எந்தப் பக்கம்னாவது பாத்திருக்கலாமேடா! பெத்த அப்பனுக்கு எந்தப் பக்கம் ஆபரேஷன்னு தெரியாத நீயெல்லாம் ஒரு மகனா? தூ!"

விலங்கு பூட்டப்பட்டது.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் இன்ஸ்பெக்டருக்குச் சுரீரென்றது. போன மாதம் அவருடைய அம்மாவுக்கும் ஏதோ ஆபரேஷன்...

அவசரமாக மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏய்... நம்ம அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனது எந்தக் கால்ல?"

மறுமுனையிலிருந்து பதில் வந்தது.

"கண்ணுலங்க."