கருணை மதிப்பெண் பெற்ற காவலணு

காலை ஏழரை மணிக்கு ஹெப்சிபா டீச்சர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, காப்பித் தம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, தன் சொந்த உடம்பின் விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தார். அன்றைக்கு இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். இருபத்தாறு பேரும் முப்பத்தைந்துக்குக் கீழே.

"இந்தா, இவனுக்கு ஒரு மார்க்குதான் கொறையுது," என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தார்.

"போட்டு விட்டுட்டு வாட்டி. இடியாப்பம் ஆறுது," என்று சமையலறையிலிருந்து அவர் கணவர் ஞானதிரவியம் கத்தினார். மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்ற மனிதர். ஒரு மாதமாக இடியாப்பம் பிழிவது அவர் வேலையாகிவிட்டது, ஏனென்றால் டீச்சரின் வலது கை விரல்கள் வீங்கி உரலைப் பிடிக்க முடியவில்லை.

பாளையங்கோட்டையில் இருபதைத் தாண்டிய எல்லோரையும் போல டீச்சருக்கும் தோளெலும்புக்குக் கீழே பிஸ்கட் அளவில் ஒரு மெய்ப்பள்ளி பதிக்கப்பட்டிருந்தது. நெஞ்செலும்புக்குப் பின்னால் நமக்கெல்லாம் பிறவியிலேயே ஒரு சுரப்பி உண்டு. கிருமிகளோடு சண்டை போடும் காவலணுக்கள் பாடம் படிக்கும் இடம் அதுதான். ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் நாம் வாலிபம் அடைந்ததுமே மாணவர் சேர்க்கையைக் குறைக்க ஆரம்பித்து, வயதாக வயதாகக் கிட்டத்தட்ட இழுத்து மூடிவிடும். முன்பெல்லாம் ஒரு சாதாரணச் சளியே கிழவர்களைப் படுக்கையில் தள்ளியதற்கு இது ஒரு காரணம். மெய்ப்பள்ளி வந்து அந்தப் பூட்டைத் திறந்தது.

அங்கே படிப்பென்று பெரிதாக ஒன்றும் கிடையாது, பரீட்சைதான். ஒவ்வொரு காவலணுவும் தன் மேல் ஒரு கொக்கியோடு பிறக்கிறது. அந்தக் கொக்கி எதில் போய் மாட்டும் என்பது அதற்கே தெரியாது. அதனிடம் கேட்கப்படுவது இரண்டே கேள்வி. நம் உடம்பின் முத்திரையை உனக்குப் படிக்கத் தெரியுமா? படித்தபின் நம் ஆளையே அடிப்பாயா? முதல் கேள்விக்கு இல்லை என்றாலும் தோல்வி, இரண்டாவதற்கு ஆமாம் என்றாலும் தோல்வி. தோற்ற அணு தன்னைத்தானே கரைத்துக்கொள்ள வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அப்படித்தான் போகும்.

எந்திரத்துக்கே தீர்ப்புச் சொல்லத் தயக்கமாக இருப்பவை மட்டும் ஐயப்பட்டியலாகத் திரைக்கு வரும். மனித உடம்பைப் பற்றிய ஐயத்தை அந்த உடம்புக்காரரே தீர்க்க வேண்டும் என்று சட்டம். ஊரில் எல்லோரும் பல் தேய்க்குமுன்பே 'அனைவரும் தோல்வி' பொத்தானைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

டீச்சரால் அது முடியுமா? முப்பத்தொரு வருடம் விடைத்தாள் திருத்தும் முகாம்களில் உட்கார்ந்தவர். காப்பி அடிப்பவர்களைப் பிடிக்கும் பறக்கும் படையில் பெயர் எடுத்தவர். தாளைப் படிக்காமல் மதிப்பெண் போட்டதாக அவர்மேல் ஒரு புகார் கிடையாது. ஒன்றிரண்டு குறைந்தால் தாளை முதலிலிருந்து புரட்டி, எங்கேயாவது அந்த ஒன்றிரண்டைத் தேடிப் பிடிக்காமல் விட்டதும் கிடையாது.

அன்றைக்குப் பத்து மணிக்கு டாக்டர் இசக்கியப்பனிடம் விரலைக் காட்டப் போனார்கள். அவர் டீச்சரின் பழைய மாணவர்தான். டாக்டர் மெய்ப்பள்ளியின் பதிவைத் திறந்து பார்த்தார்.

"டீச்சர், இந்த ஊர்ல ஐயப்பட்டியல்ல ஒருத்தரும் ஒரு அணுவக்கூட பாஸ் போட்டது கெடையாது. நீங்க இருநூத்திப் பதினாலுக்குப் போட்டிருக்கிய."

"எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன்."

"அதுல நாலாயிரத்து நூத்திப் பதினேழுன்னு ஒண்ணு இருக்கு. அது வெளிய போயி குட்டி போட்டுப் பெருகி, ஒங்க விரல் மூட்ட எதிரின்னு நெனச்சு அடிச்சிக்கிட்டு இருக்கு."

"அதுக்கு முப்பத்தி நாலு, இசக்கி. ஒண்ணே ஒண்ணுதான் கொறைச்சல். முத்திரைய நல்லாப் படிக்கு. கொஞ்சம் சந்தேகப் புத்தி, அவ்வளவுதான்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் நன்றாக நாலு வார்த்தை கேட்டிருப்பார். இவரை அவர் கேட்க முடியாது. பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வில் கணக்கில் அவர் வாங்கியது முப்பத்திரண்டு. விடை தப்பு, ஆனால் வரைந்த வட்டம் ஒழுங்காக இருக்கிறது என்று மூன்று மதிப்பெண் போட்டுப் பொதுத்தேர்வுக்கு அனுப்பியவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று இல்லையென்றால் இந்த நாற்காலியும் இல்லை.

"டீச்சர், கையெடுத்துக் கும்பிடுதேன். வர்ற சனிக்கிழமைக்குள்ள அந்த இருநூத்திப் பதினாலையும் தோல்வின்னு போட்ருங்க. இல்லன்னா மெய்ப்பள்ளியவே நான் கழத்த வேண்டி வரும். விட்டா விரலு கோணிப் போகும்."

டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. அவர் இருநூற்றுப் பதினான்கையும் பெயர் வைக்காத குறையாக அறிந்திருந்தார். பாஸ் என்று சொல்லி வெளியே அனுப்பிய பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டுச் செத்துப் போ என்று எப்படிச் சொல்வது?

"சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் கெடக்கு. அதுக்குள்ள என்ன வேணா நடக்கலாம்," என்றார் ஞானதிரவியம், சமாதானமாக.

நடந்தது. புதன்கிழமை முகமூடிக் காய்ச்சல் ஊருக்குள் வந்தது. வியாழக்கிழமை ஞானதிரவியம் இடியாப்ப உரலைப் பிடித்தபடியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கிருமி கெட்டிக்காரக் கிருமி. நம் உடம்பின் முத்திரையைப் போலவே ஒரு சட்டையைத் தைத்துப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தது. ஊரிலுள்ள காவலணுக்களோ எல்லாம் வடிகட்டித் தேறியவை. நம் முத்திரை மாதிரி எது தெரிந்தாலும் சலாம் போட்டு வழிவிடுபவை. கொஞ்சமாவது சந்தேகப்படக்கூடிய கொக்கிகளையெல்லாம் ஊரே வருடக்கணக்காகப் பல் தேய்க்குமுன் கரைத்துவிட்டிருந்தது. பாளையங்கோட்டையில் முக்கால்வாசிப் பேர் படுத்துவிட்டார்கள், மருத்துவமனையில் கட்டில் போதவில்லை.

டீச்சர் வெள்ளிக்கிழமை முழுக்க மருத்துவமனையில் கணவரின் கட்டிலருகே இருந்தார். அவர் குடித்த மிச்சக் கஞ்சியைக் குடித்தார், அவர் இருமும்போது தாங்கிப் பிடித்தார். மூச்சு வாங்கிக்கொண்டே போனது. நாற்பத்தெட்டு வருடம் சண்டை போட்டுச் சலிக்காத மனிதர் இப்படி வாயை மூடிக் கிடப்பதை டீச்சரால் பார்க்க முடியவில்லை. "அத்தான், எதாவது பேசுங்க, திட்டவாவது செய்யுங்க," என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை காலை டாக்டர் இசக்கியப்பன் வந்து, டீச்சரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒங்களுக்குக் காய்ச்சல் வரலியா?"

"இல்லையே. கை வலிதான் இருக்கு."

டாக்டர் அப்போதே ரத்தம் எடுத்துக்கொண்டு ஓடினார். ஒரு மணி நேரம் கழித்து அவர் திரும்பி வந்த வேகத்தில் செருப்பு ஒன்று காலில் இல்லை.

"டீச்சர்! நாலாயிரத்து நூத்திப் பதினேழு! ஒங்க விரல் மூட்ட சந்தேகப்பட்டுச்சுல்லா, அதே மாதிரி அந்தக் கிருமியையும் சந்தேகப்பட்டிருக்கு. சட்டையக் கண்டு ஏமாறல. கொக்கியப் போட்டு இழுத்துக் கொன்னுருக்கு!"

"நான் சொன்னேம்லா," என்றார் டீச்சர். கணவர் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்த அணுவ அப்படியே இவருக்கு ஏத்த முடியாது. போன எடத்துல இவரு ஒடம்பையே வேத்தாள்னு அடிக்கும். ஆனா அதோட கொக்கிய மட்டும் படியெடுத்து, இவரோட சொந்தக் காவலணுக்களுக்குக் குடுக்கலாம். அதைப் பாத்து இதுகளும் அதே கொக்கியச் செஞ்சுக்கிடும். நீங்க அத்தை மகனத்தான் கட்டியிருக்கிய, ரெண்டு பேரு முத்திரையும் நல்லாவே ஒத்துப்போகுது. ஒங்க கையெழுத்துதான் வேணும்."

டீச்சர் பேனாவை வாங்கியவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"இசக்கி, ஒழுங்காச் சொல்லு. எழுதுனது எம் பிள்ளை. இவரோட அணுக்கள் ஒண்ணும் தெரியாம அதப் பாத்து எழுதப்போகுது. அப்படித்தான?"

"அப்படியும் சொல்லலாம் டீச்சர்."

கட்டிலிலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"ஏட்டி... முப்பத்தொரு வருசம் ஊரான் பிள்ளையள காப்பி அடிக்க வுடல. கட்டுன புருசனையாவது அடிக்க வுடு."

இரண்டு நாளில் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். டீச்சர் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வீங்கிய விரலால் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காய்ச்சல் இறங்கியது. செவ்வாய்க்கிழமை ஞானதிரவியம் மருத்துவமனைச் சாம்பாரில் உப்பில்லை என்று சண்டை போட்டார். அந்த வாரமே படியெடுக்கும் எந்திரம் இரவு பகலாக ஓடி, அவரவர் முத்திரைக்கேற்பக் கொக்கியைக் கொஞ்சம் செதுக்கி, ஊர் முழுக்க நாலாயிரத்து நூற்றுப் பதினேழை வழங்கியது. பதினைந்தே நாளில் முகமூடிக் காய்ச்சல் இருந்த இடம் தெரியவில்லை. டீச்சர் வீட்டுக்கு வந்த அல்வாவை வைக்க இடம் இல்லை.

பதினாறாம் நாள் ஊரிலுள்ள எல்லோருக்கும் விரல் வீங்கியது.

காப்பி அடிப்பவர்கள் தப்பையும் சேர்த்துத்தான் அடிப்பார்கள் என்று டீச்சருக்குத் தெரியாதா? பறக்கும் படையில் பத்து வருடம் அதை வைத்துத்தானே ஆளைப் பிடித்தார். சந்தைக்காரர் தராசைப் பிடிக்க முடியவில்லை, தையற்காரர் ஊசி கோக்க முடியவில்லை. டாக்டர் இசக்கியப்பனே கட்டைவிரலால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டினார்.

மருந்து ஒன்றும் பெரிய விஷயமில்லை. காய்ச்சல் போய்விட்டது, கொக்கியின் வடிவமும் ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கிறது. அவரவர் மெய்ப்பள்ளியில் அந்த ஒரு அணுவுக்குத் தோல்வி போட்டால், அதன் கூட்டம் மொத்தமும் கரைந்து பத்து நாளில் வீக்கம் வடிந்துவிடும். ஊர் முழுக்க அறிவிப்புக் கொடுத்தார்கள். ஒருவரும் போடவில்லை. உயிரைக் காப்பாற்றியதை எப்படிக் கொல்வது என்றார்கள் சிலர். திரும்பக் காய்ச்சல் வந்தால் என்றார்கள் சிலர். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சுலபமான வழியைக் கண்டுபிடித்தார்கள். காலையில் பல் தேய்க்குமுன் ஐயப்பட்டியலில் 'அனைவரும் தேர்ச்சி' பொத்தானைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

இதைக் கேள்விப்பட்டதும் டீச்சருக்கு வந்த கோபத்தை ஞானதிரவியம் அதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், அது ஒரு பையன் காலுறைக்குள் பிட் வைத்திருந்தபோது.

"பேப்பரப் படிக்காமலே எல்லாரையும் ஃபெயிலாக்குனாவ. இப்போ படிக்காமலே எல்லாரையும் பாஸ் போடுதாவளாம்! நான் ஒருத்தனுக்காவது படிக்காமப் போட்டேனா அத்தான்?"

"இல்லட்டி. நீ மொதல்ல காப்பியக் குடி."

மறுநாள் ஏழரை மணிக்கு அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். இருநூற்றுப் பதினான்கு தாள்களையும் மறுமதிப்பீட்டுக்கு எடுத்தார். நான்கு நாள் ஆயிற்று. எழுபத்தொன்று நின்றன, மற்றவை போயின. கடைசியாக நாலாயிரத்து நூற்றுப் பதினேழு வந்தது. முதல் வரியிலிருந்து படித்தார். இவன் கிருமியைப் பிடித்தது உண்மை. விரல் மூட்டை அடிப்பதும் உண்மை, அடிப்பதை நிறுத்தப் போவதில்லை என்பதும் உண்மை. அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு இனிமேல் எங்கே தேடினாலும் இடம் இல்லை.

"நல்லா எழுதுன மக்கா," என்று சொல்லித் திரையைத் தொட்டார். "போயிட்டு வா."

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. ஞானதிரவியமும் வற்புறுத்தவில்லை.

பத்து நாளில் டீச்சரின் விரல்கள் பழையபடி மெலிந்தன. பாளையங்கோட்டையில் விரல் மடங்குகிற ஒரே ஆள் அவர்தான் என்பது கல்வித்துறைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அப்போது அரையாண்டுத் தேர்வு முடிந்த நேரம். இத்தனை பள்ளிக்கூடம் இருக்கும் ஊரில் ஒரு ஆசிரியராலும் சிவப்புப் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. படிக்காமலே எல்லோருக்கும் தேர்ச்சி போட்டுவிடலாமா என்று துறை யோசித்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை டீச்சர் வீட்டு வாசலில் ஆறு லோடு ஆட்டோக்கள் வரிசையாக வந்து நின்றன. விடைத்தாள் கட்டுகள் முற்றத்தை நிறைத்து, கூடத்தை நிறைத்து, இடியாப்ப உரல் இருந்த மேசை வரைக்கும் ஏறின.

"இதயெல்லாம் எப்பம்ட்டி திருத்தி முடிப்ப?" என்று ஞானதிரவியம் வீங்கிய கையைத் தலையில் வைத்தார்.

டீச்சர் முதல் கட்டைப் பிரித்து, முதல் தாளைத் திருத்தி, கூட்டிப் பார்த்தார். முப்பத்திரண்டு வந்தது. அவர் சந்தோஷமாகக் காப்பித் தம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, தாளை முதலிலிருந்து புரட்ட ஆரம்பித்தார்.