உணவு மேசையில் பன்னிரண்டு மீட்டர்

மேசை மேல் விரித்த காய்ந்த துணியில் மூன்று கருவிகள் கிடந்தன. அவற்றுள் ஒன்று மட்டும், தான் தண்ணீருக்குள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆழம்: 1.2 மீட்டர்.

மாலை ஐந்தரை மணி. மழைக்கு முந்தைய மூட்டம் சன்னல் கம்பிகளில் கருமையாக அப்பியிருந்தது. மின்விசிறி சோம்பலாகச் சுழன்றது. மொட்டை மாடியில் காயும் முக்குளிப்பு உடைகளின் ரப்பர் வாடையும் உப்பு வாடையும் படிக்கட்டு வழியே இறங்கி, சாப்பாட்டு அறை வரை வந்து நின்றன. முக்குளிப்புப் பயிற்சியாளரான அவள் அந்தத் திரையைக் கூர்ந்து பார்த்தாள். விரலின் ஈரம் பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கருவியின் முதுகில் இரண்டு உலோகப் புள்ளிகள் உண்டு. அவற்றை ஈரம் இணைத்தால் அது விழித்துக்கொள்ளும். அதில் வியப்பென்ன? துணியால் அழுத்தித் துடைத்தாள்.

1.4 மீட்டர்.

கடலுக்கடியில் மனிதர்களை அழைத்துச் செல்வதும், போனவர்களை ஒருவர் குறையாமல் மேலே கொண்டுவந்து சேர்ப்பதும் அவள் தொழில். பதினோரு ஆண்டுகளாகச் செய்கிறாள். ஆழத்தில் மூச்செடுக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரைகிறது. அவசரமாக மேலேறினால் அது சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் நுரைத்து, மூட்டுகளை முறுக்கும், கால்களை முடக்கும், ஆளையே கொல்லும். எவ்வளவு கரைந்தது, எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் நின்று நின்று ஏறவேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர். படகில் மாணவர்களை வரிசையாக நிறுத்தி அவள் முழங்குவாள்: "எண் சொல்வதைக் கேள், நெஞ்சு சொல்வதைக் கேளாதே! ஒரு கருவி பொய் சொல்லலாம். இரண்டு கருவிகள் ஒன்றுபோலச் சொன்னால் அதுவே உண்மை. பணிந்துவிடு!"

அவள் முழக்கத்திற்குக் காரணம் இருந்தது. சென்ற பருவத்தில், இருபத்தெட்டு மீட்டர் ஆழத்தில், அவளுடைய கருவியின் திரை அணைந்தது. உத்தேசமாக ஏறினாள். உயிர் தப்பியது, தோள்பட்டை இரண்டு மாதம் கதறியது. நாளைக் காலை அவள் தம்பி முதன்முறையாக முப்பது மீட்டருக்கு இறங்குகிறான். ஒற்றைக் கருவியோடு அவனை இறக்கமாட்டேன் என்று அவள் உறுதி பூண்டிருந்தாள். கடைக்காரரும் பெருந்தன்மையாக மூன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார்: ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பிவிடலாம்.

முதலாவதன் எழுத்துகள் பெரியவை. ஆனால் பேட்டரி தீர்ந்தால் தொழிற்சாலைக்குத்தான் அனுப்பவேண்டும். இரண்டாவது கைபேசிபோல் மினுக்கியது. ஆனால் நாள்தோறும் சார்ஜ் ஏற்றவேண்டும், மறந்தவனை அது மன்னிக்காது. மேலும் அதன் கணக்கு முறை வேறு. தம்பியின் முதல் கருவி 'ஏறு' என்னும்போது இது 'நில்' என்னும். மூன்றாவதில் பகட்டில்லை. நாணயம்போன்ற சின்ன பேட்டரியை வீட்டிலேயே மாற்றலாம். அவளுடையதற்கும் தம்பியுடையதற்கும் உள்ள அதே கணக்கு முறை. அதைத்தான் எடுப்பது என்று மதியமே முடிவு செய்திருந்தாள்.

அதுதான் இப்போது 3.0 மீட்டர் என்றது.

தம்பி படியில் பாதி இறங்கி எட்டிப் பார்த்தான். "இன்னுமா முடியல? பொண்ணு பாக்க வர்றவங்க கூட ஒரே நாள்ல முடிவு சொல்லிடுவாங்க. ஒரு வாட்ச்சுக்கு நீ இந்த மல்லுக்கட்டு கட்டுற!"

"வாட்ச் இல்லடா அது. உன் உசுரு."

"என் உசுருக்கு நீ ஒருத்தி போதாதாக்கா? பேக்கப்புக்குப் பேக்கப்பு வாங்கிட்டு இருக்க."

"வாய் மட்டும் கிழியுது. போய்ப் பையை அடுக்கு."

சீட்டியடித்தபடி அவன் மாடிக்குப் போனான். அந்தச் சீட்டி மாடியிலிருந்து வரவில்லை. சுவரிலிருந்து வந்தது, தரையிலிருந்து வந்தது, எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வந்தது. தண்ணீருக்குள்தான் ஒலிக்குத் திசை கிடையாது. அவள் அந்த எண்ணத்தை உதறிவிட்டுக் கடைக்காரரை அழைத்தாள்.

"ஈரம்தான் மேடம், வேற ஒண்ணும் இருக்காது. நல்லாத் துடைச்சீங்களா?"

"துடைச்சேன். அது ஆழம் காட்டுதுங்க."

"எவ்வளவு?"

அவள் பார்த்தாள். "பன்னிரண்டு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சாப்பாட்டு ரூம்ல கிணறு தோண்டுறீங்களா? காலைல கொண்டுவாங்க மேடம், வேற பீஸ் தர்றேன்."

கைபேசியை வைத்தபோது காது அடைத்திருந்தது. எச்சிலை விழுங்கினாள். வலது காது சொடுக்கித் திறந்தது. பிறகு இடது காது. இறங்கும்போது செய்வது இது. பதினோரு ஆண்டுப் பழக்கம். உடல் தானாகச் செய்துவிட்டது. ஏன் செய்தது?

அச்சம் என்பது அறியாமையின் பிள்ளை என்று நம்புகிறவள் அவள். சோதிக்காமல் நடுங்குவது இழிவு. மற்ற இரண்டு கருவிகளின் புள்ளிகளிலும் ஈரவிரலை வைத்தாள். விழித்தன. ஒன்று, பத்தொன்பது மீட்டர். மற்றொன்று, பத்தொன்பது மீட்டர். பையிலிருந்து தன்னுடைய பழைய கருவியை எடுத்தாள். திரை அணைந்த பிறகு பழுதுபார்த்து, பலமுறை ஒப்பிட்டு, குறையில்லை என்று தானே சான்று கொடுத்த கருவி.

19.3 மீட்டர்.

அதைக் கட்டிக்கொண்டாள். மூன்றாவதைக் கையில் பிடித்தாள். ஓர் ஐயத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளவேண்டும். மாடிக்கு மூன்று மீட்டர் உயரம். பழுதான கருவிக்கு அது தெரியாது. படியேறினாள். ஒவ்வொரு படிக்கும் எண் குறைந்தது. மாடி நடையில் நின்றபோது, துல்லியமாக, மூன்று மீட்டர் குறைந்திருந்தது.

பொய் சொல்லும் கருவி இவ்வளவு நேர்மையாகச் சொல்லாது.

அவள் நின்றுகொண்டிருக்கும்போதே எண் மறுபடி கூடத் தொடங்கியது. இருபது. இருபத்துநான்கு. வீடு இறங்குகிறதா, மேலே ஏதோ ஏறுகிறதா? மின்விசிறியின் ஓசை நின்றுபோயிருந்தது. கீழே, படிக்கட்டு வழியே தெரிந்த அதன் இறக்கைகள், எதையோ தள்ளித் தள்ளி, வலிந்து திரும்பிக்கொண்டிருந்தன. இருபத்தெட்டில் எண் நின்றது. உடனே இரண்டு கருவிகளும் ஒரே குரலில் அலறின. ஒரே வரி.

27 மீட்டருக்கு மேல் ஏறாதே.

அவள் படித்த எந்தப் பாடத்திலும் அப்படியொரு தடை இல்லை. ஒரு மணி நேரம் மூழ்கியவனுக்கு அது வராது. நாள் கணக்கில், மாதக் கணக்கில், ஆழத்திலேயே கிடந்து ஊறிய உடலுக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். அவர்கள் இந்த வீட்டுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

தம்பியின் அறை திறந்து கிடந்தது. ஆளில்லை. மேலே, மொட்டை மாடிப் படியில், செருப்புச் சத்தம்.

"டேய்! மேல போகாத! அங்கேயே நில்லு!"

"மழை வருதுக்கா. சூட்டு நனைஞ்சிடும்."

"தண்ணில போடுற சூட்டு நனைஞ்சா என்னடா! இறங்கி வா!"

அவன் சிரித்தான். தாழ்ப்பாள் விலகிய ஒலி எல்லாச் சுவர்களிலும் கேட்டது.

மொட்டை மாடி, இருபத்தைந்து மீட்டர்.

ஓடினாள். ஐந்து படி. ஆறு படி. அலறல் காதைக் கிழித்தது. 27.1. தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. இன்னும் பன்னிரண்டு படி. கதவு பாதி திறந்திருந்தது. அதன் இடுக்கில் வானத்தின் ஒளி இல்லை. அசையும் ஒளி இருந்தது.

"அக்கா..." சிரிப்பு போயிருந்தது. "தோள்பட்டை வலிக்குதுக்கா."

"இறங்கிடு! உடனே கீழ வா, சாமி!"

"முட்டியெல்லாம்... என்னமோ ஊருது. தோலுக்குள்ள."

"தவழ்ந்தாவது வாடா!"

"காலு வரலக்கா. நீ வா. கையைப் பிடிச்சு இழு."

பன்னிரண்டு படி. எந்தக் கட்டளையையும் 'ஏன்' என்று கேட்டு வளர்ந்தவள். எந்தப் பீடத்திற்கும் தலை வணங்காதவள். எவன் சொன்னான், எதற்காகச் சொன்னான் என்று சபை நடுவே எழுந்து கேட்டவள். அவள் திரையைப் பார்த்தாள். இடக்கையில் 27.1. வலக்கையில் 27.1. இரண்டும் ஒன்றுபோல. காப்பாற்றப் போகிறவன் தடையை மீறினால் கரைக்கு வருவது இரண்டு பிணம்: அதையும் அவள்தான் கற்பித்தாள்.

காத்திருக்கவேண்டிய நேரம்: 9 நிமிடம்.

"இதோ வர்றேன். ஒன்பதே நிமிஷம். பேசிக்கிட்டே இரு. நிறுத்தாத."

"அக்கா."

"இருக்கேன்டா."

14 நிமிடம்.

"நெஞ்சு அடைக்குது. எங்க இருக்க?"

"இங்கதான். படியில."

"ஏன் நிக்கிற?"

கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றினாள். நெஞ்சு ஏறச் சொன்னது. எண் நிற்கச் சொன்னது. கால் அசையவில்லை.

40 நிமிடம்.

மேலே ஓர் இருமல். நுரைத்த இருமல். பிறகு ஏதோ தரையில் தேயும் ஓசை. பிறகு அதுவும் இல்லை.

"டேய்."

எண் கூடிக்கொண்டே போனது.

"தம்பி."

கதவிடுக்கிலிருந்து மெல்லிய இழை ஒன்று நீண்டது. படியில் சொட்டவில்லை. வழியவில்லை. காற்றில் நின்றது, புகைபோல் சுருள் சுருளாக அவிழ்ந்து, அவசரமே இல்லாமல், அவள் முகத்தை நோக்கி வந்தது. ஆழத்தில் சிவப்பு ஒளி எட்டாது. அங்கே இரத்தத்திற்கு வேறு நிறம்.

அது பச்சையாக இருந்தது.