சுடச்சுட ஒரு தியாகம்

குளிர்கால விடுமுறை வந்தால் அந்த வீட்டில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். எல்லோரும் வேன் பிடித்து மலைமேல் பனியில் விளையாடப் போவார்கள். பெரிய மருமகள் வீட்டிலேயே இருந்து கேக் சுடுவாள். சாயந்திரம் திரும்பி வந்ததும் சின்ன மருமகள் அதன்மேல் சர்க்கரைத் தூளைத் தூவி, கூட வந்த தன் சிநேகிதிகள் முன்னால் கொண்டுபோய் வைப்பாள்.

"ராத்திரியெல்லாம் கண் முழிச்சு செஞ்சேன்" என்பாள். அவர்கள் அவளுக்குக் கேக் ராணி என்றே பட்டம் சூட்டியிருந்தார்கள்.

பெரியவள் வாய் திறந்ததில்லை. ஆனால் போன வருடம் அவள் பெற்ற மகளே யாரிடமோ, "அம்மாவுக்கு வெளியே வரவும் பிடிக்காது, ஒண்ணும் செய்யவும் தெரியாது. எல்லாம் சித்திதான்" என்று சொன்னது அடுக்களை வரை கேட்டது. தாயின் நெஞ்சில் அன்று விழுந்த பொறி ஒரு வருடம் அணையாமல் கிடந்தது.

இந்த வருடமும் காலையிலேயே மாமியார் ஆரம்பித்தாள். "ஓவன்கிட்ட ஒரு ஆள் நிக்கணுமே. நீ இருந்துக்கோம்மா. உனக்குத்தான் குளிர் ஆகாதே."

பெரியவளுக்குக் குளிர் ஆகாது என்பது மாமியாரின் சொந்தக் கண்டுபிடிப்பு. கணவர் குனிந்து ஷூ கயிறு கட்டத் தொடங்கினார். வீட்டில் எந்தப் பேச்சு சூடேறினாலும் அவருக்குக் கயிறு அவிழ்ந்துவிடும்.

"சரிங்க அத்தை" என்றாள் பெரியவள்.

வாசலில் வேன் நிறையச் சிநேகிதிகள். புதுக் கோட்டு போட்ட சின்னவள் படியில் ஒரு கால் வைத்திருந்தாள். பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஏறாதே கண்ணு. எத்தனை நாள்தான் மனசுக்குள்ளேயே வச்சுக்குவே? நானே சொல்லிடறேன்." வேன் பக்கம் திரும்பினாள். "வருஷா வருஷம் உங்களுக்கு ஆறின கேக்கைக் குடுக்கிறோமேன்னு இவ உருகாத நாள் இல்ல. இந்தத் தடவை சுடச்சுடக் குடுக்கணும்னு பனியே வேணாம்னுட்டா. நான் கெஞ்சிப் பாத்தேன்... கேக்க மாட்டேங்கறா."

வேனுக்குள் கைதட்டல். ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். "என்ன மனசுடி உனக்கு..."

"அக்கா, நான் எப்போ..."

"பாத்தீங்களா? தன் பெருமையைச் சொல்லவே விடமாட்டா."

மாமியார் வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் ராணியின் கிரீடம் போய்விடும். மூடிக்கொண்டாள். பெரியவள் ஓரகத்தியின் கையுறைகளை அன்போடு உருவி, தான் மாட்டிக்கொண்டு ஏறினாள்.

மலைமேல் அவள் உருட்டிய முதல் பனி உருண்டை கணவரின் பிடரியில் விழுந்தது. கயிறு கட்டக் குனிந்திருந்தார், குறி பார்க்க வசதியாக இருந்தது.

மகள் வியந்து பார்த்தாள். "அம்மா, உனக்கு இதெல்லாம் பிடிக்குமா?"

"யாரும் கேக்கலையே கண்ணு."

திரும்பி வந்தபோது வாசலிலேயே கருகல் வாடை. தட்டும் கையுமாகச் சிநேகிதிகள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அடுக்களையில் சின்னவள் தலையெல்லாம் மாவாக நின்றாள். கேக் சுடும் தகரத்தில் இருந்தது மேலே கரி, உள்ளே கூழ். பெரியவளைக் கண்டதும் கட்டிக்கொண்டு கதறினாள்.

"என்னை மன்னிச்சிடுங்க அக்கா... உங்க பேரை நான் தின்னுட்டேன்..."

பெரியவள் அவள் முதுகைத் தடவினாள். இத்தனை வருடக் கேக்கிலும் இந்தத் தித்திப்பு வந்ததில்லை.

"அழு கண்ணு, நல்லா அழு. ஆனா இங்கே வேணாம். கூடத்துல போய் அழலாம் வா."

கையைப் பிடித்து இழுத்துப்போய் நடுவில் நிறுத்தினாள்.

"எல்லா வருஷமும்... அக்கா சுட்டதுதான்" என்று முனகினாள் சின்னவள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா. என் பொண்ணு ஜன்னலோரமா நிக்கிறா."

இரண்டாம் தடவை சொன்னது தெருவுக்கே கேட்டிருக்கும். மகள் ஓடி வந்தாள். "அம்மா... நான் என்னென்னமோ பேசிட்டேனே" என்று தோளில் முகம் புதைத்தாள். பெரியவளுக்கு அப்போதுதான் நிஜமாகவே கண் கலங்கியது.

மாமியார் முந்திக்கொண்டாள். "பெரியவ கைப்பக்குவம் யாருக்கு வரும்னு நான் எப்பவுமே சொல்வேனே. சரிம்மா, சட்டுனு ஒண்ணு சுட்டு எடுத்துட்டு வா. வந்தவங்க பசியோட இருக்காங்க."

பெரியவள் மகளை அணைத்தபடியே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சுடலாம் அத்தை. முதல்ல இவ அழுது முடிக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."