சரிவுப் பலகையில் ஒரு பொய்

“இடிக்கல.”

“இடிச்சுது.”

“என் கால் விரல்... எனக்குத் தெரியாதா?”

“விரல் என்ன சொல்லுச்சோ... உங்க புருவம் உண்மையைச் சொல்லிடுச்சு.”

புர்கியின் கடை நடுவே ஒரு சரிவுப் பலகை உண்டு. புதுப் பூட்ஸைப் போட்டு அதில் ஏறி இறங்கிக் காட்டாமல் யாரும் அவள் கடையை விட்டுப் போய்விட முடியாது. ஏறும்போது குதிகால் தூக்கக் கூடாது. இறங்கும்போது விரல் முன்னால் முட்டக் கூடாது. முட்டினால் மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் நகம் கறுத்துவிடும். இந்த விஷயத்தில் அவளிடம் தயவு தாட்சண்யமே கிடையாது.

அந்தப் பலகையின் பாதியில் நின்றிருந்தான் அந்த நெட்டை ஆள். வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. தொப்பியிலிருந்து வழிந்த ஒரு சொட்டு அவன் இமையில் வந்து நின்றது... சாம்பல் நிறக் கண்கள். கோபப்படும்போதுகூடச் சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள். சே, பூட்ஸ் வாங்க வந்தவன் கண்ணைப் பார்ப்பானேன் என்று புர்கி தன்னையே அதட்டிக்கொண்டாள்.

அவன் பிடிவாதமாகப் போட்டிருந்தது உள்ளே ஆட்டு ரோமம் வைத்த, முழங்கால் வரை ஏறும் கனத்த பூட்ஸ். சமவெளிக்காரர்கள் மரமேடையில் அசையாமல் உட்கார்ந்து சுடுவார்களே, அதற்கு அது பொருத்தம். இங்கே கெம்ஸ் என்கிற மலையாட்டைத் தேடி முதலில் மணிக்கணக்கில் ஏற வேண்டும். ஏறும்போது கால் வியர்க்கும். உச்சியில் காற்றில் காத்திருக்கும்போது அந்த வியர்வையே உறைந்து காலைத் தின்னும். புர்கி இதைச் சொல்லிவிட்டு வேறொரு ஜோடியை எடுத்து வைத்தாள். மெல்லிய உள்துணி, வளையாத அடிப்பாகம், பாறை உரசினாலும் தோல் கிழியாதபடி சுற்றிலும் ரப்பர் விளிம்பு. பையில் உலர்ந்த கம்பளிக் காலுறை ஒன்று இருக்கட்டும், மேலே போனதும் மாற்றிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் என்றாள்.

“குளிருக்கு மெல்லிசு பூட்ஸா? நல்லாருக்கே கதை. நான் லின்ஸ் நகரத்துல வேலை பாத்தவன்தான். ஆனா பொறந்தது இந்தப் பள்ளத்தாக்குல. வெண்டலின் மகன் ரோமெட்.”

வெண்டலின் என்றால் அந்தப் பள்ளத்தாக்கின் வேட்டைத் தலைவர். அந்தப் பேரைச் சொன்னால் மூடின கதவும் திறக்கும். புர்கி அசையவில்லை.

“அது உங்கப்பா பேரு. பூட்ஸ் போடப்போறது உங்க காலு.”

அவன் காசை எடுத்து மேஜைமேல் வைத்தான். அவள் அதை அவன் பக்கமே தள்ளினாள். அந்தப் பூட்ஸை மலைக்குப் போகிறவனுக்கு விற்க மாட்டேன் என்றாள். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போது வந்தால் சரியாக அளந்து தருகிறேன் என்றாள். அவன் வரவில்லை. மறுநாளே இன்ஸ்ப்ரூக் நகரத்துக்குப் போய் அச்சு அசலாக அதே மாதிரி ஒரு ஜோடி வாங்கி வந்துவிட்டான் என்று ஊரே அவளிடம் வந்து சொன்னது. ரோஷக்காரன்... இருக்கட்டும். ரோஷத்துக்கு அவள் வீட்டில் என்ன பஞ்சமா?

அவள் ரோஷத்துக்கு ஒரு காரணமும் உண்டு. கடை மேஜைக்கு அடியில் எப்போதும் படுத்துக் கிடக்குமே செம்பழுப்பு நாய், ஆல்மா, அது சாதாரண நாய் அல்ல. அடிபட்டு ஓடிய விலங்கின் ரத்த வாடையை மோப்பம் பிடித்துத் தேடிக் கண்டுபிடிக்கும் நாய். புர்கியும் அதுவும் சேர்ந்து மலை மலையாக அலைந்து பழகிப் பரீட்சையும் தேறியிருந்தார்கள். ஆனால் பள்ளத்தாக்கில் ஒருவன் கூப்பிட வேண்டுமே! சுட்டது தப்பிப் போனால் கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஆளுக்குத்தான் போன் போகும். காலுக்குப் புர்கி வேண்டும், நாய்க்கு வேறு ஆள். ‘நானாகப் போய் யார் வாசலிலும் நிற்க மாட்டேன். என்றைக்காவது இவர்களே கூப்பிடட்டும்...’ இதுதான் அவள் வைராக்கியம். ராத்திரி படுக்கும்போது அந்த வைராக்கியம் கொஞ்சம் வலிக்கும், அதை யாரிடமும் சொன்னதில்லை.

நவம்பரில் கிடாக்கள் இணை தேடி இறங்கும் பருவம். ரோமெட் விடியுமுன்னே அப்பாவோடு மலையேறினான். அவள் சொன்னது சொன்னபடி நடந்தது. பாதி ஏற்றத்திலேயே காலுறை நனைந்தது. உச்சியில் காத்திருந்தபோது விரல்கள் முதலில் எரிந்தன, பிறகு இருக்கிற இடமே தெரியவில்லை. எதிர்ச் சரிவில் கறுத்த கிடா ஒன்று வந்து நின்றது. மரத்துப்போன கால் பாறையில் சறுக்கிய அதே நொடியில் அவன் சுட்டுவிட்டான். குண்டு கீழே இறங்கிப் பட்டது. கிடா துள்ளி, பள்ளம் தாண்டி மறைந்தது. அப்பாவின் நாய் பனியில் கொஞ்ச தூரம் போய்க் குழம்பி நின்றுவிட்டது.

இத்தோடு விட்டுவிடலாம், இரண்டு நாள் பனி விழுந்தால் எல்லாம் மூடிவிடும், வெளியே சொல்லாதே என்றார் வெண்டலின். கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஆளைக் கூப்பிட்டாலே நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்றார்.

“புர்கியைக் கூப்பிடலாம்பா.”

“நம்ம வீட்டுல எவனும் இதுவரைக்கும் பிறத்தியார் நாயைக் கூப்பிட்டதில்ல. அதுலயும் அந்த பூட்ஸ் கடைக்காரி நாயையா?”

“அடிபட்டது அந்த ஆடுப்பா... நம்ம மானம் இல்ல.”

அப்பா பார்த்துக்கொண்டிருக்கவே அவன் போனை எடுத்தான். அவர் தன் நாயைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

“புர்கி... நான் ரோமெட். தப்பாச் சுட்டுட்டேன். வருவீங்களா?”

இந்த ஒரு போனுக்காக அவள் எத்தனையோ பதில்களைத் தயார் பண்ணி வைத்திருந்தாள். ‘சொன்னேன்ல...’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாய் கேட்டது, “எங்க நிக்கிறீங்க?”

மதியம் மேகம் இறங்கும் நேரத்தில் ஆல்மாவின் நீளக் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு அவள் வந்து சேர்ந்தாள். கன்னம் சிவந்து, கூந்தல் நுனியெல்லாம் பனித்துகள். அவள் கண் நேரே அவன் காலுக்குப் போனது. கொக்கு மாதிரி ஒற்றைக்கால் மாற்றி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தான். அவள் பையைத் திறந்தாள். உலர்ந்த கம்பளிக் காலுறை. அதற்கு அடியில்... அன்றைக்கு அவன் வேண்டாமென்ற அதே பூட்ஸ்.

“மாத்திக்க. மரத்த காலோட நீ எங்கயாவது உருண்டு விழுந்தா, நான் ஆட்டைத் தேடுறதா, உன்னைத் தேடுறதா?”

மரங்கள் வளராத உயரத்துக்கு வந்துவிட்டால் இந்த ஊரில் ‘நீங்க’ கிடையாது. மந்திரியே வந்தாலும் மேலே ‘நீ’தான். அவள் வழக்கப்படிதான் சொன்னாள். அவனுக்குத்தான் அந்த ஒரு ‘நீ’யில் காது மடல்வரை சூடேறியது. அவ்வளவு கனத்தை இவ்வளவு தூரம் சுமந்து வந்தவள், வழக்கத்துக்காக மட்டுமா சுமந்தாள்? அதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆல்மா மூக்கைத் தரையில் வைத்தது, பிறகு எடுக்கவே இல்லை. பள்ளம், சரளைக்கல் சரிவு, மறுபடி ஏற்றம். அப்பாவின் நாய் குழம்பி நின்ற இடத்தை அது திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்தது. கடைசியில் குட்டைப் பைன் புதருக்குள் நுழைந்து நின்று, ஒரே ஒரு தடவை குரைத்தது. கிடா உள்ளே உயிர் அடங்கிக் கிடந்தது. புர்கி முழங்காலிட்டு நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் அழுததை அவன் பார்க்காத மாதிரி இருந்துவிட்டான்.

அந்த மலையில் ஒரு மரியாதை உண்டு. தேடிக் கண்டுபிடித்தவர் ஒரு பைன் கொப்பை ஒடித்து, சுட்டவனுக்குத் தர வேண்டும். சுட்டவன் அதில் பாதியை ஒடித்துத் தேடியவருக்கே திருப்பித் தர வேண்டும். ‘இது என்னுடையது மட்டுமல்ல, உன்னுடையதும்’ என்று அர்த்தம். அந்தப் பாதிக் கொப்பு தேடியவர் தொப்பியில் ஏறினால் பிறகு ஊரில் யாரும் அவரைக் குறைத்துப் பேச முடியாது. புர்கி கொப்பை நீட்டினாள். ரோமெட் வாங்கினான். ஒரு கணம் அதையே பார்த்தான்... பிறகு முழுசாகத் தன் தொப்பியில் செருகிக்கொண்டான்.

அவள் காத்திருந்தாள். கேட்கவில்லை. கடைசியில் வெண்டலின் மகன்தானே, மலைமேல் ‘நீ’, ‘நான்’ என்று பேசினாலும் பெருமை என்று வந்தால் அது அவன் குடும்பத்துக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள். அடிவாரம் வந்ததும் “வர்றேங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அடுத்த நாள் சாயங்காலம் கடையை மூடப் போகிற நேரம். மணி அடித்துக் கதவு திறந்தது. வெண்டலின். அவர் பின்னால் வேட்டைச் சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர், ஆளுக்கொரு உர்ரென்ற முகம். எல்லோருக்கும் பின்னால் ரோமெட், காலில் அவள் கொடுத்த பூட்ஸ்.

அவன் முன்னால் வந்து தொப்பியைக் கழற்றினான். எல்லோர் கண்ணெதிரிலும் கொப்பைச் சரிபாதியாக ஒடித்தான்.

“நேத்து மேலயே கொடுத்திருக்கலாம். ஆனா அங்க யாரு பாத்தா? நான் தப்பாச் சுட்டதையும், நீ கண்டுபிடிச்சதையும் இவங்க முன்னாடி சொல்லித்தான் கொடுக்கணும்னு இருந்தேன். எங்கப்பாவைச் சம்மதிக்க வைக்கத்தான் ஒரு ராத்திரி ஆயிடுச்சு.”

புர்கி கை நீட்டி வாங்கினாள். சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். வெண்டலின் தொண்டையைச் செருமினார். பலகை முன்னால் இருந்த நாற்காலியில் கனமாக உட்கார்ந்து காலை நீட்டினார்.

“எனக்கும் ஒரு ஜோடி அளந்து பாரும்மா. சாயங்காலம்தான் அளக்கணுமாமே.”

அளந்து முடித்து அவர்கள் எல்லோரும் போனார்கள். ரோமெட் மட்டும் போகவில்லை. தானாகவே சரிவுப் பலகையில் ஏறி நின்றான். பாதிக் கொப்பு அவள் சட்டைப் பித்தானில் செருகியிருந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று பார்த்தாள். இந்தப் பள்ளத்தாக்கில் அன்றைக்கு அவளைவிட நிமிர்ந்து நின்றவள் எவளும் இல்லை.

“இறங்குங்க. இன்னிக்காவது பொய் சொல்லாம சொல்லுங்க... இடிக்குதா?”

அவன் மெல்ல இறங்கி, அவளுக்கு மிக அருகில் வந்து நின்றான். அதே சாம்பல் கண்கள்... இப்போது சிரிப்பை ஒளிக்க முயலவே இல்லை.

“கச்சிதமா இருக்கு, புர்கி. அதான் பயமா இருக்கு. இதுக்குக் காசு கொடுத்துட்டா, நாளைக்கு இங்க வர்றதுக்கு எனக்கு ஒரு காரணமும் இருக்காது. வராம என்னால இருக்க முடியாது... உன்னைப் பாக்காம இருக்க முடியாது.”

வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து, அவிழ்ந்திருந்த அவன் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். நிமிரும்போது கண் கலங்கியிருந்தது, தலை மட்டும் தாழவில்லை.

“காரணம் இல்லாமயே வா,” என்றாள்.