தலைவரின் புதுச் செருப்பு

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் மூஸாவின் திருவையாற்று வீட்டுக்கு அம்சவல்லி வந்தபோது அவளுடைய செருப்பு கையில் இருந்தது.

"காலில போட்டுக்கங்கம்மா. வெயிலு கொதிக்குது" என்றார் மூஸா.

"பழகிப்போச்சுங்க" என்றாள். பிறகு அழுதாள்.

அவள் கணவன் முருகையன் பண்ணையாள் மகன்; பேர்போன பந்தாட்டக்காரன். ஞாயிறன்று டெல்டா கால்பந்துச் சங்கத்துக்குத் தலைவரானான். அன்றிரவே மேலத்தெருவிலிருந்த சங்கக் கட்டடம் எரிந்தது. வெளியே தாழிடப்பட்டதால் உள்ளே படுத்திருந்த காவலாளி ரெத்தினம் கருகிச் செத்தார். தெருமுனை மதகிலிருந்து கட்டடம்வரை சேற்றுச் செருப்புத் தடம். ஜன்னலடியில் முருகையனின் செருப்பு ஒன்று.

"தேர்தலுக்குன்னு வாங்குன புதுச் செருப்புங்க. சாயங்காலமே காணாமப்போச்சு. யாரும் நம்பலை. தூக்குதான்னு சொல்றாங்க."

மூஸா முதலில் லாக்கப்பில் முருகையனையும், ஸ்டேஷனில் அந்தச் செருப்பையும் பார்த்தார். பிறகு நண்பர் மருதையனோடு மேலத்தெருவுக்குப் போனார். மருதையன் பத்திரிகை நிருபர். வாய் சும்மா இராது.

பழைய தலைவர் துரைராசு சாய்வு நாற்காலியில் கிடந்தார். கால்விரலிடுக்கில் பஞ்சு.

"புதுச்செருப்பு கடிச்சிடுச்சு" என்றார். "தாத்தா, அப்பா, நான். சங்கம்னா இந்த வீடுதான்."

"ஆசியக் கால்பந்துத் தலைமையே ஹாங்காங்கிலேருந்து மலேயாவுக்குப் போயிருக்கு. உங்க சங்கத்துக்கு இந்த வாசப்படியைத் தாண்டத் தெரியலையே!" என்றார் மருதையன்.

துரைராசு சிரிக்கவில்லை. மூஸா வாசலைப் பார்த்தார். அங்கே குதிகால் தேய்ந்த ஒரே ஒரு ஜோடி செருப்பு.

மறுநாள், எரிந்த சுவரருகே சப்-இன்ஸ்பெக்டரும் சங்கத்தாரும் கூடினார்கள்.

"ஆட்சி மாறிடுச்சு. இப்ப முருகையன் ஆளுங்க இந்தத் தெருவுல செருப்போட நடக்கறாங்களா?" என்று மூஸா கேட்டார்.

துரைராசு நிமிர்ந்தார். "எவன் ஆண்டா என்ன? என் தெருவுல எவனும் போட்டதில்லை. ஜெயிச்ச அன்னைக்கும் மதகடியில கழட்டி வச்சிட்டு வெறுங்காலோடதான் வந்தான்."

"அது மதகடியில இருந்தது உங்களுக்குத் தெரியும். நல்லது."

"ராத்திரியில எடுத்துப் போட்டிருக்கலாமே?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"போட்டிருக்கலாம். ஆனா செருப்பு வாரோட உள்பக்கம் ரத்தம் காஞ்சிருக்கு. முருகையன் காலில ஒரு கீறல் இல்லை. ஐயா காலைக் கடிச்சது புதுச்செருப்பு. அவர் வாசல்ல இருக்கறதோ தேஞ்சது. அளவு சேராத செருப்பைப் போட்டுக்கிட்டு நடந்தது யாருங்க?"

துரைராசு காலை வேட்டிக்குள் இழுத்தார். சப்-இன்ஸ்பெக்டர் செருப்பைக் கொண்டுவந்து பொருத்தினார். ரத்தக்கறை புண்ணின்மேல் சரியாக உட்கார்ந்தது.

"ரெத்தினம் என்ன பாவம் செஞ்சான்?" என்று கேட்டார் மருதையன்.

"என் சோத்தைத் தின்னுட்டு அவனுக்கு ஓட்டுக் கேட்டான்" என்றார் துரைராசு, குரலை உயர்த்தாமல்.

விடுதலையான முருகையன் அம்சவல்லியோடு மதகடியில் நின்றான். அவன் செருப்பு கோர்ட்டில் சாட்சியாகக் கிடந்தது. மூஸா தம்முடையதைக் கழற்றி அவன் காலடியில் வைத்தார்.

"போட்டுக்கிட்டு நடங்க, தலைவரே."

நடந்தான்; மற்ற இருவரும் கூடப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக வைத்திருந்த சங்க அறையில், தலைவர் நாற்காலியில் துரைராசுவின் மகன் உட்கார்ந்திருந்தான்.

"சங்கத்தாரு நேத்தே கூடிப் பேசி முடிச்சிட்டாங்க. செருப்பைக் கழட்டிட்டு நடக்கறவன் எப்படிய்யா தலைவரா இருப்பான்னு கேட்டாங்க. அதை உங்க இன்ஸ்பெக்டர்தானே ஊரறியச் சொல்ல வச்சாரு?" என்றான் அவன்.

மூஸா தலைகுனிந்தார். முருகையன் திரும்பினான். மேலத்தெரு முனையில் அவன் கை பழக்கமாகச் செருப்பைக் கழற்றப் போனது. அம்சவல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மூவரும் தெருவின் நடுவே நடந்தார்கள். மூஸாவின் கால் மட்டும் வெறுங்கால்.