அனுமதி மேசை

காலை ஏழு மணிக்குச் சேர்மக்கனியின் வலது கண் நிறுவனத்துக்குப் போய்விடும். மாலை ஆறு மணிக்குத் திரும்பி வரும். இடைப்பட்ட பதினொரு மணி நேரமும் அந்தக் கண்ணில் கணினி நிரல் வரிகள் ஓடிக்கொண்டிருக்கும். இடது கண்ணால் அவள் காப்பி கலப்பாள், வராந்தாவில் நடப்பாள், கணவன் முகத்தைப் பார்ப்பாள். செவ்வாயின் நிலத்தடி ஊரான கீழ்ச்செம்பூரில் நிரல் எழுதும் எல்லோருக்கும் இப்படி ஒரு பணிக்கண் பொருத்தியிருந்தார்கள். புதிதில் தலை சுற்றும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

நிரந்தரப் பணியாளர்களுக்குப் பணிக்கண்ணோடு விரல்களையும் இணைத்திருப்பார்கள். விரல் அசைந்தால் நிரல் மாறும். சேர்மக்கனியைப் போன்ற ஒப்பந்த நிரலர்களுக்குக் கண் மட்டும்தான் எப்போதும் திறந்திருக்கும்; விரல் பூட்டியிருக்கும். ஓர் எழுத்தைத் திருத்துவதற்கும் அனுமதி மேசைக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். மேசை சரி என்றால் விரல் சில மணி நேரம் திறக்கும்.

மேசை என்பது ஒரு குரல். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத, ஏற்ற இறக்கமில்லாத இயந்திரக் குரல். ஒன்பது வருடங்களில் அவள் அதனிடம் எவ்வளவோ கேட்டிருக்கிறாள். எழுத்தின் அளவைப் பெரிதாக்கக் கேட்டபோது நாற்பது நாள் கழித்து அனுமதி வந்தது. அதற்குள் அவள் கண்ணுக்கு மருந்து போட ஆரம்பித்திருந்தாள். நிரலைச் சோதித்துப் பார்க்கும் ஒரு சாதாரணக் கருவியைக் கேட்டபோது, அது தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருப்பதாகப் பதில் வந்தது. ஏன் தடை என்று கேட்டதற்கு, அந்தப் பட்டியலைப் பார்க்கவும் ஒப்பந்தக்காரர்களுக்கு அனுமதி இல்லை என்றது குரல். அவள் அந்த இயந்திரத்தைத் திட்டுவாள். திட்டிவிட்டு மறுபடி விண்ணப்பம் எழுதுவாள்.

கிழக்குச் சுரங்கத்தின் கதவு நிரலில் இருந்த தவறு அவள் கண்ணில் பட்டது ஒரு திங்கட்கிழமை.

சுரங்கத்தின் கோடியில் கல்லை வெளியே தள்ளும் பெரிய கதவு ஒன்று உண்டு. அது திறந்தால் உள்ளே இருக்கும் காற்று முழுவதும் நொடியில் போய்விடும். அதனால் திறக்கும் முன் நிரல், உள்ளே எத்தனை பேர் என்று ஆள் எண்ணும் கருவியைக் கேட்கும். மூன்று நொடிக்குள் பதில் வராவிட்டால், யாரும் இல்லை என்று எடுத்துக்கொள்ளும். சுரங்கம் சிறியதாக இருந்தபோது பதில் அரை நொடியில் வந்தது. தோண்டத் தோண்டச் சுரங்கம் நீண்டது, பதிலும் தாமதித்தது. அன்றைக்கு இரண்டே முக்கால் நொடி ஆகியிருந்தது.

திருத்தம் ஒரே வரி. பதில் வராவிட்டால் கதவைத் திறக்காதே.

அவள் விண்ணப்பம் எழுதினாள். பகுதித் தலைவரின் ஒப்புதல் இல்லை என்று மூடிவிட்டார்கள். தலைவர் பூமியில் விடுமுறையில் இருந்தார். இரண்டாவதை உயிர் ஆபத்து என்ற பிரிவில் அனுப்பினாள். அந்தப் பிரிவு நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டும் என்று அதுவும் திரும்பியது. அவள் கணவன் ஆவுடையப்பன் அதே சுரங்கத்தில் துளையிடுபவன், நிரந்தரப் பணியாளன். மூன்றாவதை அவன் பெயரில் எழுதினார்கள். துளையிடுபவர் நிரலைப் பற்றிக் கருத்துச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. நான்காவதற்கு மேசை ஒரு விளக்கம் கேட்டது. மாலை ஆறு பத்துக்குக் கேட்டது. அவள் பணிக்கண் ஆறு மணிக்கே அணைந்துவிட்டதால், விண்ணப்பதாரர் பதிலளிக்கவில்லை என்று குறித்து அதையும் மூடிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஆவுடையப்பன் காலணியை மாட்டிக்கொண்டிருந்தான். அவள் வழியை மறித்து நின்றாள்.

“இன்னிக்குப் போகாதீங்க. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிருங்க.”

“எத்தன நாளைக்குச் சொல்ல, கனி? உள்ள இன்னும் நாலு பேர் இருக்கான். நான் மட்டும் வீட்ல இருந்தா அது என்ன மொறை?”

அந்த நால்வரிடமும் தான் பேசுவதாக அவள் சொன்னாள். பேசியாகிவிட்டது என்றான் அவன். சுரங்க மேலாளரிடமும் சொல்லியிருந்தார்கள். நிரலில் தவறு இருந்தால் அனுமதி மேசையே சொல்லியிருக்கும் என்று அவர் சிரித்தாராம்.

அன்று மதியம் இரண்டு நாற்பதுக்கு அவள் சமையல் மேடை முன்னால் நின்றிருந்தாள். வலது கண்ணில் கதவு நிரல் விழித்துக்கொண்டது. உள்ளே எத்தனை பேர் என்ற கேள்வி போவதைப் பார்த்தாள். ஒரு நொடி. இரண்டு. மூன்று. ஐந்து என்று வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் விழுந்தது. திற என்ற கட்டளை வெள்ளை எழுத்தில் ஓடியது. அவள் விரல்களைக் காற்றில் அசைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. மேசையை அழைத்தாள். வரிசையில் ஏழாவதாக இருப்பதாகக் குரல் சொன்னது. கண்ணை இறுக மூடினாள். பணிக்கண்ணுக்கு இமை கிடையாது. கதவு முழுதாகத் திறந்துவிட்டது என்ற வரியையும் அவள் படித்தாள்.

ஐந்து பேரும் போய்விட்டார்கள். அந்த ஒரு வரியை மறுநாளே திருத்தினார்கள். நான்கு நிமிடம் ஆயிற்று.

உடல்களை எரித்த அன்று சேர்மக்கனி ஆவுடையப்பனின் கருவிப் பையிலிருந்து பெரிய ஸ்பேனர் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அந்த இயந்திரத்தை உடைத்துவிட்டு அப்புறம் எது நடந்தாலும் நடக்கட்டும் என்றிருந்தது. மேசையின் இணைப்புகள் போய் முடியும் இடம் நிரலர்களுக்குத் தெரியும்: நான்காம் தளத்தில், சரக்கு அறைக்குப் பின்னால், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கதவு. திறந்தாள்.

உள்ளே ஆறு மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு மேசை. ஒவ்வொருவர் வாய்க்கு முன்னாலும் குரலை மாற்றும் சிறு கருவி. ஒருவர் தட்டில் சாப்பிட்டு மீந்த இட்லித் துண்டு கிடந்தது.

அவர்களில் மூத்தவர் எழுந்து வந்தார். பெயர் பிலவேந்திரன். அவள் யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“என் விண்ணப்பத்த யாரு மூடுனது?” என்றாள்.

“நான்தாம்மா. நாலையும்.”

“படிச்சீங்களா?”

“படிச்சேன். நானும் பன்னெண்டு வருசம் நிரல் எழுதுனவன். மொத தடவையே புரிஞ்சிருச்சு.”

அவள் ஸ்பேனரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். அவர் தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டார். அவள் உட்காரவில்லை.

“ஆரம்பத்துல இங்க நெசமாவே மெஷின்தான் இருந்துச்சு” என்றார் அவர். “கேட்டது சரியா இருந்தா நாலு நொடியில சரின்னு சொல்லிரும். எட்டு மாசம் ஓடுச்சு. மேல உள்ளவங்களுக்குப் பயம் வந்துருச்சு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரப் பிடிக்கிறது? மெஷினுக்கு வேல போயிரும்ங்கிற பயம் கெடையாது. பயமில்லாத ஒண்ண இந்த எடத்துல எப்படி வைக்கிறதுன்னு எங்களக் கொண்டுவந்து வச்சாங்க.”

“அப்புறம் எதுக்கு மெஷின் குரலு?”

“ஆளு இருக்குன்னு தெரிஞ்சா கெஞ்சுவாங்கல்ல.”

விசாரணை மூன்று நாள் நடந்தது. எல்லா விண்ணப்பங்களும் குறித்த நேரத்துக்குள் முடிக்கப்பட்டிருந்ததால் மேசையின் மீது தவறில்லை என்று தெரிந்தது. இனி இப்படி நடக்காமலிருக்க, விண்ணப்பங்களைப் பரிசீலிக்க இன்னொரு நிலை வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது.

சேர்மக்கனி அந்த ஊரில் இருந்தது கணவனின் நிரந்தரப் பணியை வைத்துத்தான். தொண்ணூறு நாளில் பூமிக்குக் கப்பல் ஏறும்படி கடிதம் வந்தது. ஒன்பது வருடம் செவ்வாயின் குறைந்த எடைக்குப் பழகிய இதயம் பூமியில் ஆறு மாதம் தாங்கினால் பெரிது என்று மருத்துவர் சொன்னார். நிறுவனம் அதையும் கவனத்தில் கொண்டது. கருணை அடிப்படையில் அவளுக்கு நிரந்தரப் பணி தந்தது. காலியிடம் ஒரே இடத்தில்தான் இருந்தது: அனுமதி மேசையில், புதிதாகப் போட்ட ஏழாவது நாற்காலி.

அவள் ஏற்றுக்கொண்டாள். உயிருக்குப் பயந்துதான், ஆனால் அது மட்டுமில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் இன்னொரு கதவு திறக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பினாள். முதல் மாதம் சரியான விண்ணப்பம் எதையும் அவள் மூடவில்லை. குறையிருந்தால், எந்தப் படிவத்தை எப்படி நிரப்புவதென்று அந்தத் தட்டைக் குரலிலேயே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். இயந்திரத்தைப் பழுது பார்த்துவிட்டார்கள் போல என்று ஊரில் பேச்சு எழுந்தது.

அவள் அனுமதித்த ஒரு மாற்றத்தால் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு நிமிடம் விளக்குகள் அணைந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதல் குறிப்பாணை வந்தது. வரையறுத்த சொற்களுக்கு மேல் விண்ணப்பதாரரிடம் பேசினாள் என்று இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தால் நியமனம் ரத்து என்று அதன் அடியில் எழுதி, அடுத்த கப்பலின் தேதியையும் போட்டிருந்தார்கள். பிலவேந்திரன் அதைப் படித்துவிட்டுத் தன் டீயில் பாதியை அவள் டம்ளரில் ஊற்றினார்.

அதற்குப் பிறகு அவள் சிலவற்றை மூடினாள். முதல் நாள் ஒவ்வொன்றையும் மூன்று முறை படித்துவிட்டு மூடினாள். இரண்டாவது வாரத்தில் ஒரு முறை போதுமாயிற்று. ஆறாவது மாதம், ஒரு விண்ணப்பமும் தேங்காத மேசை என்று அவள் மேசைக்குப் பாராட்டு வந்தது.

தவசிமுத்து என்ற புதிய ஒப்பந்த நிரலனின் விண்ணப்பம் வந்தது ஒரு வியாழக்கிழமை முற்பகலில். மேற்குக் குடியிருப்பின் குடிநீர்ச் சுத்திகரிப்பில், மருந்தின் அளவை நிரல் இரண்டு முறை கூட்டிக்கொள்கிறது. இரண்டாவது வரியிலேயே சேர்மக்கனிக்குப் புரிந்துவிட்டது. பகுதித் தலைவரின் ஒப்புதல் இல்லை. மூடினாள். அவன் உடனே குரலில் அழைத்தான்.

அந்தத் தண்ணீரைக் குடித்து மூன்று பேர் படுத்துவிட்டார்கள் என்றான். அதில் ஒருத்தி அவன் அம்மா. தலைவர் அழைப்பை எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் விரலைத் திறந்துவிட்டால் போதும், அப்புறம் தன்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்றான். விதிப்படி ஒப்புதல் தேவை என்று அவள் சொன்னாள். அவன் மறுபடி முதலிலிருந்து சொன்னான். அவள் மறுபடி அதையே சொன்னாள்.

“ஒங்கிட்டப் பேசிப் பிரயோஜனமில்ல” என்றான். “நீ மெஷினு, ஒனக்குப் புரியாது. அங்க மனுசங்க யாராச்சும் இருந்தா அவங்ககிட்டக் குடு.”

சேர்மக்கனி நிமிர்ந்து பார்த்தாள். ஆறு பேரும் அவரவர் மேசையில் குனிந்திருந்தார்கள். பிலவேந்திரன் மட்டும் ஒரு கணம் தலை தூக்கி அவளைப் பார்த்துவிட்டுத் தன் திரைக்குத் திரும்பினார்.

“இங்கே மனிதர் யாரும் இல்லை” என்றாள் அவள்.

கருவி அதை ஏற்ற இறக்கமில்லாமல் அவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.